முறுக்கிக்கொண்ட அப்பளம்

மொட்டை மாடியில் காயவைத்ததில் ஒன்று மட்டும் முறுக்கிக்கொண்டது. ஒரு விளிம்பு மேலே தூக்கி, எதிர் விளிம்பு கீழே தொங்கி. நடு மட்டும் தட்டை.

"இதை ஒதுக்கிவை" என்றார் அம்மா.

எனக்கு மனம் வரவில்லை. நம் பால்வீதி அச்சு அசல் இப்படித்தான் இருக்கிறது!

2019இல் வார்சா பல்கலைக்கழக வானியலாளர்கள் செஃபீட் எனப்படும், ஒளி கூடிக் குறைந்து துடிக்கும் விண்மீன்கள் சுமார் 2,400ஐக் கொண்டு வரைந்த படத்தில் விளிம்பு நெளிந்தே கிடந்தது. செஃபீட்கள் நல்ல சாட்சிகள். துடிக்கும் கால அளவே அவற்றின் உண்மை ஒளியைச் சொல்லிவிடும்; அதிலிருந்து தொலைவும் தெரிந்துவிடும்.

அந்த நெளிவும் நகர்கிறது. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத் தரவின் கணக்குப்படி, ஒரு சுற்றுக்கு 60 முதல் 70 கோடி ஆண்டுகள். பால்வீதி மையத்தை ஒருமுறை சுற்றச் சூரியனுக்குச் சுமார் 22 கோடி போதும்.

வளைத்தது யார்? பால்வீதியைச் சுற்றிவரும் சிறு விண்மீன் கூட்டமான தனுசு குறுமண்டலத்தின் மீது சிலருக்குச் சந்தேகம்.

அப்பளத்தை நானே பொரித்துத் தின்றேன்.