டில்லி டி, டீக்கடை டி

போன ஆவணியில் சிம்மக்கல் பக்கம் ஒரு டிசைனிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண பிளக்ஸ், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று மதுரையில் இந்தத் தொழிலுக்கு ஓய்வே கிடையாது. போட்டோஷாப் எனக்கு ஏற்கனவே தெரியும். ஆனால் மவுஸைக் கொண்டுபோய்க் கருவிகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத்தான் வேலை செய்வேன். ஒரு பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணி மாற்ற எனக்கு இருபது நிமிடம் ஆகும். கடையின் மூத்த டிசைனரான அக்கா மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

எந்த விசையை அழுத்தினால் எந்தக் கருவி வரும் என்ற குறுக்குவழிப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தேன். இரண்டு வாரம் ஆகியும் நான்கைந்துக்கு மேல் கையில் நிற்கவில்லை. அக்கா ஒருநாள் வந்து அந்தத் தாளை உரித்தெடுத்தார். பிறகு டேப் விசையைத் தட்டினார். கருவிப் பட்டை, பேனல்கள் எல்லாம் மறைந்து படம் மட்டும் திரையில் நின்றது. "இனிமேல் இப்படியே வேலை செய், தம்பி. தேவைப்படும்போது கேள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்" என்றார்.

முதல் இரண்டு நாள் நரகம். எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அவர் சொன்னது என் காதில் விழுந்த விதம். மணப்பெண்ணின் கூந்தலை லாசோவால், அதாவது கையால் கோடிழுத்துத் தேர்வு செய்யும் கருவியால், அரைமணி நேரம் சுற்றி வளைத்துத் தேர்வு செய்து வைத்திருந்தேன். அளவை மாற்ற வேண்டும் என்றதும் "கண்ட்ரோல் டி" என்றார். அழுத்தினேன். தேர்வு மொத்தமும் போய்விட்டது. அவர் சொன்னது டிரான்ஸ்பார்முக்கான டி (T). நான் அழுத்தியது தேர்வை நீக்கும் டி (D). அக்கா பதறவில்லை. கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அதே டி-யை அழுத்தினார், போன தேர்வு அப்படியே திரும்பி வந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒன்று 'டில்லி டி', மற்றது 'டீக்கடை டி'. பிரஷ்ஷுக்கு 'பஸ் பி', பென் கருவிக்கு 'பழனி பி'. தமிழ் வழியில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்கள் இப்படி ஒரு வழக்கு வைத்துக்கொள்வது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று, தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகள் எனக்கு வேலை செய்வதில்லை. போஸ்டருக்குத் தமிழில் தட்டச்சு செய்து முடித்தவுடன் கண்ட்ரோல் என்டர் கொடுத்து எழுத்துப் பெட்டியை மூட வேண்டும், ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். மறந்தால் பிரஷ் வராது, இறந்தவர் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும்.

சோழவந்தானிலிருந்து மேலக்கால் வழி பஸ்ஸில்தான் வந்துபோகிறேன். துவரிமான் தாண்டி கோச்சடை வரும்வரை மடியில் பையை வைத்து அதன்மேல் இடது கையைப் பழக்குவேன். சுண்டுவிரல் கண்ட்ரோலில், கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் எந்தக் கருவியில் இருந்தாலும் படத்தை நகர்த்தலாம். பிரஷ் அளவை மாற்றும் சதுர அடைப்புக்குறிகள் இடது கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. அதற்கு ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மவுஸின் வலது பொத்தானைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் போதும். மேலும் கீழும் இழுத்தால் ஓரத்தின் மென்மை மாறும். எனக்கு அதிக நேரம் மிச்சமாக்கியது இதுதான்.

அக்கா 2002-இல் வந்த போட்டோஷாப் ஏழாம் பதிப்பில் தொழில் படித்தவர். அதில் கண்ட்ரோல் இசட் ஒரு படி மட்டுமே பின்னால் போகும், மேலும் போக ஆல்ட்டும் சேர வேண்டும். 2019 பதிப்பிலிருந்து கண்ட்ரோல் இசட்டே தொடர்ந்து பின்னோக்கிப் போகிறது. அவர் கை இன்னும் ஆல்ட்டைத் தேடும்.

கார்த்திகையில் ஓர் இரவு, எட்டு மணிக்கு மேல், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அப்பத்தா அன்று மதியம் தவறிவிட்டார். விடிவதற்குள் போஸ்டர் ஒட்ட வேண்டும். இருந்தது ஒரே படம், இரண்டங்குல உயரம், நடுவில் மடிப்பு விழுந்து கன்னத்தில் வெள்ளைக் கோடாகப் பிளந்திருந்தது. அக்கா ஊரில் இல்லை.

600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தேன். கண்ட்ரோல் ஜே கொடுத்து, மூலப் படத்தின் மேல் இன்னொரு அடுக்காக நகல் லேயர் எடுத்துக்கொண்டு டேப்பைத் தட்டினேன். கன்னத்துக் கோட்டுக்கு ஜே, அதாவது ஹீலிங் பிரஷ். அது சுற்றியிருக்கும் தோலின் நிறத்தோடு கலந்துவிடும். ஆனால் முகம் முடிந்து சேலை முந்தானை தொடங்கும் விளிம்பில் அதே கருவி கருப்பாக ஈஷியது. அங்கே எஸ், ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து வைக்கும் குளோன் ஸ்டாம்ப். ஆல்ட் அழுத்தி நல்ல இடத்தைத் தொட்டு, விளிம்போடு சின்னச் சின்னதாக வைத்துக்கொண்டே போனேன். எஸ்ஸில் இருக்கும்போதே ஜே-யை அழுத்திப் பிடித்தபடி பூசலாம், விட்டால் எஸ்ஸுக்கே திரும்பிவிடும். கை அப்படி மாறி மாறிப் போய்க்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்பத்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடித்துக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாடியில் ஒரு மரு இருக்குமே" என்றார்.

தூசிப் புள்ளி என்று நினைத்து அதையும் அழித்திருக்கிறேன். மூல லேயர் அடியில் பத்திரமாக இருந்தது. இ அழுத்தி, அழிப்பானைச் சிறிதாக்கி, மேல் லேயரில் அந்த இடத்தை மட்டும் துடைத்தேன். அடியிலிருந்து மரு மேலே வந்தது. அவர் திரையை விரலால் தொட்டார்.

பத்தே முக்காலுக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.