பழைய காருக்குச் செலவு பண்ணலாமா, கொடுத்துவிடலாமா?

12 வயதான ஒரு பெட்ரோல் கார். ஒர்க்‌ஷாப்பில் 45,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் கேட்டால் எல்லாம் சரியாக இருந்தாலே 1,10,000தான் போகும் என்கிறார்கள். "வண்டி விலையில் பாதியை அதுக்கே கொட்டுறதா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கு அதுவல்ல. விலை என்பது வாங்குகிறவர் பார்க்க வேண்டியது. ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியது, பாடி இன்னும் எத்தனை வருடம் தாங்கும், இந்தச் செலவு மாதத்துக்கு எவ்வளவு விழும் என்ற இரண்டைத்தான்.

பாடியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான்கள். பாடி அப்படியில்லை. கதவின் அடி ஓரத்திலோ வீல் ஆர்ச்சிலோ துரு என்றால் டிங்கரிங்கில் முடிந்துவிடும். ஷாக் அப்சார்பர் மேலே உட்காரும் இடம், வீலைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் மாட்டும் இடம், இன்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டமான மெம்பர், ரன்னிங் போர்டின் உள்பக்கம், இந்த நான்கில் துரு ஓட்டை போட்டிருந்தால் எஸ்டிமேட்டை மடித்து வைத்துவிட்டு விற்கிற வழியைப் பாருங்கள். வெல்டிங் வைத்து ஒட்டலாம்தான். பக்கத்துத் தகடும் மெலிந்திருப்பதால், ஒட்டு நிற்கும், அதை ஒட்டிய தகடு விட்டுக்கொடுக்கும்.

சேலத்தில் நிற்கும் வண்டியும் ஏற்காட்டில் நிற்கும் வண்டியும் ஒரே மாதிரி கெடுவதில்லை. கீழே வெயில் ரப்பரைத் தின்கிறது. ரேடியேட்டர் ஹோஸ், கதவு பீடிங், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் காய்ந்து வெடிக்கும். மாற்றினால் போதும், பெரிய செலவில்லை. மேலே எஸ்டேட் வீட்டு வாசலில் பனியிலும் சாரலிலும் நின்ற வண்டிக்கு வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும், தரைத் தகடு அடியில் துருப்பிடித்துப் போய்க்கொண்டிருக்கும். ஃப்ளோர் மேட்டை எடுத்துவிட்டு டிரைவர் காலடிக் கார்பெட்டைத் தூக்குங்கள். கீழே இருக்கும் ஃபோமை விரலால் அழுத்தினால் ஈரம் தட்டுகிறதா பாருங்கள். பிறகு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டண்' என்று பேசும். துரு அரித்த இடம் 'பொத்' என்று அடங்கும், பெயின்ட் செதிலாக உதிரும். பட்டி போட்டு மூடியிருக்கிறார்களா என்று தெரிய ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது.

பாடி தேறிவிட்டதா? அடுத்தது மலை. நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வசதி. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், நீண்ட ஏற்றம். டவுனுக்குள் ஓட்டிப் பார்த்தால் தெரியாதது இதில் தெரிந்துவிடும். ஆனால் பிரேக் ஆயில் அளவு, கூலன்ட், டயர் மூன்றையும் பார்க்காமல் ஏறாதீர்கள். பிரேக் ஏற்கெனவே சந்தேகம் என்றால் ஏறவே வேண்டாம்.

ஏறும்போது மூன்று பேராவது உட்காருங்கள், ஏசியை நிறுத்திவிடுங்கள். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே போனால் உடனே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால் உள்ளே கல் படிந்து அடைத்திருக்கும். கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், ஃபேன் சுற்றாமல் இருக்கலாம். இவை எல்லாமே சின்ன வேலைகள். மேலே போய் நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். மறுநாள் காலை இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், அல்லது ஆயில் மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். மலைக்குளிரில் குறைந்த தூரமே ஓடும் வண்டிக்கு மூடியில் லேசாக வெள்ளை படிவது சாதாரணம். அதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள், கூலன்ட்டும் குறைகிறதா பாருங்கள்.

நீலப் புகைதான் பலரை ஏமாற்றுகிறது. "ஆயில் அடிக்குது, இன்ஜின் போச்சு" என்று சொல்லி வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். பின்னால் ஒருவரை பைக்கில் வரச்சொல்லி எப்போது புகை வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் நேரமெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏறும்போது சுத்தமாக இருந்து, இறங்கும்போது இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டு வெகுதூரம் வந்து மறுபடி மிதித்தவுடன் மட்டும் ஒரு கொத்து நீலம் வந்தால் வால்வு சீல். முதலாவது இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடையும் போரிங் வரை போகும் வேலை. இரண்டாவதுக்குப் பெரும்பாலான இன்ஜின்களில் வால்வு கவரைக் கழற்றி, மேலிருந்தே முடித்துவிடலாம்.

ரிங்தானா என்பதை, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

கிளட்ச் வாசனை வந்தாலே பிளேட் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வளைவில் பாதி கிளட்ச்சில் நின்றால் புது பிளேட்டும் நாறும். சமதளத்தில் 40 வேகத்தில் நான்காவது கியர் போட்டு முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் எகிறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. மாற்றும்போது பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கை மிச்சப்படுத்தினால், அது போனதும் கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலியைத் தர வேண்டியிருக்கும்.

இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கிவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பெடல் கட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது பிரேக் பேட் பிரச்சனை. கீழே வந்ததும் நான்கு வீல்களுக்குப் பக்கத்திலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டுங்கள். ஒரே ஒரு முன்வீல் மட்டும் அனலாக அடித்தால் பேடை அழுத்தும் அந்தக் கேலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது எஸ்டிமேட்டுக்கு வருவோம். 45,000-இல் கிளட்ச், ரேடியேட்டர், லோயர் ஆர்ம், டயர் என்று இருந்தால் அது தேய்மானச் செலவு. புது வண்டி வாங்கினாலும் ஒருநாள் வந்தே தீரும். இரண்டு வருடம் ஓடும் என்று வைத்தால் மாதம் 1,875 ரூபாய். இதற்குப் பதில் 5 லட்சம் கடனில் புது வண்டி எடுத்தால், 9.5 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத் தவணை மாதம் சுமார் 10,500. முன்பணமும் இன்சூரன்ஸும் தனி. அதே 45,000 பெயின்டிங், சீட் கவர், இன்ஜின் வேலை என்று கலந்திருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பதற்காகப் பெயின்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். "எதை மறைச்சிருக்காங்க?" என்றுதான் வாங்குகிறவர் பார்ப்பார். விற்பது என்று முடிவானால் பேட்டரி, பல்பு, வைப்பர் சரியாக இருந்தால் போதும். பாடி தேறினாலும் ஒரு வகை வண்டியைத் தயங்காமல் விற்கலாம்: ஸ்பேர்ஸுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய, உற்பத்தி நின்றுபோன மாடல்.

வயதை வைத்து ஒரு பயம் உலவுகிறது. 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்பது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. தமிழ்நாட்டில் அந்தத் தடை கிடையாது. இங்கே 15 வருடம் முடிந்ததும் பதிவுச் சான்றிதழான ஆர்சியை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பியுங்கள். காருக்கு முதல் முறை புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், பசுமை வரி தனி, தாமதித்தால் மாதம் 500 அபராதம். 14-ஆம் வருடத்தில் இருக்கும் வண்டியை ஆர்சி முடியும் தறுவாயில் விற்கப்போனால் விலை சரியும். ஒன்று முன்பே விற்றுவிடுங்கள், இல்லையென்றால் புதுப்பித்துவிட்டு விற்றுவிடுங்கள்.

விற்கும்போது சாவியோடு கடமை முடிவதில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பெயர் மாறாத நிலையில் விபத்து நடந்தால், ஆர்சியில் இருப்பவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. டெலிவரி ரசீதில் தேதியோடு மணியும் எழுதி, வாங்குகிறவரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள். இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. அதற்கான கடிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்டு வாங்கினால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படும். இரண்டு வாரம் கழித்து அரசின் வாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைந்துதான் தெரியும், ஆனாலும் எழுத்துகள் மாறியிருப்பது புரிந்துவிடும். மாறவில்லையென்றால் அன்றே வாங்கியவருக்கு ஃபோன் போடுங்கள்.