வாய்க்கும் புள்ளி உண்டு

என் முன்னேற்ற அறிக்கைகளில் வகுப்பாசிரியர்கள் வழக்கமாக எழுதும் குறிப்பு "அமைதியான பிள்ளை" என்பதுதான். அம்மா அதைப் பெரியம்மாவிடம் பெருமையோடு வாசித்துக் காட்டுவார். பரிமாற்ற மாணவியாக ஜேர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் கிம்னாசியம் எனப்படும், பல்கலைக்கழகத்துக்குத் தயார்ப்படுத்தும் ஒரு பாடசாலைக்குப் போன பிறகுதான், அந்தக் குணத்துக்கு அங்கே புள்ளி குறையும் என்பது தெரிந்தது.

குளிரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். சீருடை இல்லை, காலைக் கூட்டம் இல்லை. ஆசிரியர் உள்ளே வந்தால் யாரும் எழும்புவதில்லை. என் கால்கள் மட்டும் பல நாட்கள் தாமாகவே எழும்பப் பார்த்தன. இடைவேளைக்குக் கறுப்புப் பாணும் சீஸும். கடைசிப் பாடவேளைக்கு ஆசிரியர் வராவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். இதைக் கேட்ட தம்பி அன்றே ஜேர்மன் படிக்கப் போவதாக அறிவித்தான்.

எனக்குப் பிடித்தது கரும்பலகைதான். எங்கள் வகுப்பில் டஸ்டரைத் தட்டினால் முன்வரிசை முழுவதும் வெள்ளையாகிவிடும். அங்கே நனைத்த பெரிய ஸ்பொஞ்சினால் பலகையைக் கழுவி, கார்க் கண்ணாடி துடைப்பது போல ரப்பர் பட்டியால் தண்ணீரை வழித்து இறக்குகிறார்கள். கீழே ஒரு சொட்டு விழாமல் வழிப்பவனுக்கு வகுப்பில் தனி மரியாதை.

புள்ளி முறை நமக்குத் தலைகீழ். 1 மிகச் சிறந்தது, 6 படுதோல்வி. கணிதத்தில் ஒன்று எடுத்தேன் என்று தொலைபேசியில் சொன்னதும் அம்மம்மா, "பரவாயில்லை பிள்ளை, அடுத்த முறை பார்ப்போம்" என்றார். இன்னொன்றை அம்மாவுக்கே விளங்கவைக்க முடியவில்லை: வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் புள்ளி உண்டு, அது பல பாடங்களில் எழுத்துச் சோதனைக்குக் கிட்டத்தட்டச் சமமான கனம் உடையது.

பேச விரும்புபவர்கள் சுட்டுவிரலை மட்டும் உயர்த்துகிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு விரலைக் காட்டினால், "சரி, போய்விட்டு ஓடி வா" என்பார்கள். ஆசிரியர் கவனிக்கும்வரை முழங்கையை மேசையில் ஊன்றி, கை வலித்தால் மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அரைத் தூக்கத்திலும் விரலை இறக்காமல் இருப்பார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் எழுத்தில் எப்போதும் 1, பேச்சில் 4. பாடம் முடிந்ததும் நேராக ஆசிரியரிடம் போய், ஏன் 4 என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை, குறிப்பேட்டைத் திறந்துவைத்து விளக்கம் சொன்னார். எனக்குத்தான் வியர்த்தது.

நானாக விரல் உயர்த்தியது வரலாற்றுப் பாடத்தில். இரண்டாம் உலகப் போர் ஆசியாவுக்குப் பரவியதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9 அன்று எங்கள் ஊரான திருகோணமலையில் குண்டு போட்டன என்றேன். அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது என்றும், அந்தப் போரில் இறந்தவர்களின் மயானம் நிலாவெளி வீதியில் இருக்கிறது, பஸ்ஸில் அதைக் கடந்துதான் பெரியம்மா வீட்டுக்குப் போவேன் என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ஆசிரியர் உலகப்படத்தை இழுத்து விரித்து, துறைமுகத்தைக் காட்டச் சொன்னார். அந்த அளவுப் படத்தில் திருகோணமலைக் குடாவைக் காட்டுவது லேசான காரியமா? என் விரல் பாதி இலங்கையை மறைத்துவிட்டது. ஏன் அந்தத் துறைமுகம், யாருடைய கப்பல்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. மணி அடித்தும் இருவர் விடவில்லை.

எல்லாமே மெச்சத்தக்கது என்று சொல்லமாட்டேன். முதலில் பேசியவன் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் புள்ளி வாங்கும் கெட்டிக்காரர்கள் அங்கேயும் உண்டு. கூச்சப்படும் பிள்ளைக்கு அந்த முறை கொடுமைதான். ஆனாலும் தனக்குக் கிடைத்த புள்ளிக்குக் காரணம் கேட்க ஒரு பிள்ளைக்கு உரிமை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் ரியூஷன். மண்டபம் நிறையப் பிள்ளைகள், சேர் ஒலிவாங்கியில் இரசாயனவியல் படிப்பிக்கிறார். ஒரு சமன்பாடு விளங்காமல் கையை உயர்த்தினேன், இந்த முறை ஐந்து விரலும். "கேள்வி இருந்தால் துண்டில் எழுதி முன்னுக்கு அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். அடுத்த கிழமை பதில் சொன்னார், அதுவும் ஒலிவாங்கியில், "யாரோ ஒரு பிள்ளை கேட்டது" என்று.