காதுத்தோடும் ஏரிக்கரைப் பதிவேடும்

மாட்டின் காதில் மஞ்சள் வில்லை ஒன்று தொங்குவதை இப்போது எந்த ஊரிலும் பார்க்கலாம். அதில் 12 இலக்க எண் இருக்கும். கிராமத்தில் அதைக் காதுத்தோடு என்கிறார்கள். ஒரு மாட்டுக்குக் கொடுத்த எண்ணை நாட்டில் வேறெந்த மாட்டுக்கும் கொடுப்பதில்லை. கோமாரியையும், சினை மாடு கன்றை வீசிவிடும் கன்றுவீச்சு நோயையும் (புருசெல்லோசிஸ்) கட்டுப்படுத்த 2019 செப்டம்பரில் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மத்திய அரசு மதுராவில் தொடங்கியது. ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய தடுப்பூசி எந்த மாட்டின் உடம்புக்குள் போனது என்பதற்கு இந்தத் தோடுதான் சாட்சி. முதலில் இனாஃப் என்ற மென்பொருளில் பதிந்துவந்தோம். இப்போது அதன் இடத்தில் பாரத் பசுதன் இருக்கிறது.

நான் கால்நடை உதவி மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தபோது தடுப்பூசிக் கணக்கு என்றால் மருந்துக் கணக்குதான். இத்தனை டோஸ் வந்தது, இத்தனை செலவானது, இத்தனை மீதி. எந்தக் கட்டுத்தரையில் எந்த மாடு விட்டுப்போனது என்பது ஊசி போடப் போனவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கோமாரியைப் பொறுத்தவரை விட்டுப்போன மாடுதான் முக்கியம். அந்தத் தடுப்பூசியின் பலன் ஏறக்குறைய ஆறு மாதம். நான்கு மாதம் நிரம்பாத கன்றுக்குப் போடுவதில்லை. நிறைசினை மாட்டையும் தள்ளி வைக்கிறோம். காய்ச்சலில் கிடந்த மாடு, ஆள் வந்த நேரத்தில் மேய்ச்சலுக்குப் போயிருந்த மாடு, பால் குறைந்துவிடும் என்று பயந்து வீட்டுக்காரர் ஒளித்துவைத்த மாடு என்று வேறு சிலவும் இருக்கும். இவையெல்லாம் ஒரே ஊரில் சேர்ந்துவிட்டால் அந்த ஊரில் நோய் நுழைய வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தம். எண் வந்த பிறகு இந்தப் பட்டியலை எடுக்க முடிகிறது. போட்ட மாடுகளின் பட்டியலைவிடப் போடாத மாடுகளின் பட்டியலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இந்த வசதி எங்கள் தொழிலுக்கு வந்த பெரிய வரம்.

ஆனால் இந்த விவரம் எல்லாம் யாருக்குப் போய்ச் சேர்கிறது?

கொங்குப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலைப் பால் சொசைட்டிக்குப் போன பிறகுதான் அங்கே மாடு பிடிக்க ஆள் இருக்கும். அந்த ஆத்தாவிடம் இரண்டு கறவை மாடுகள், ஒரு கிடாரி. தோடு குத்தும் கருவியைப் பார்த்ததுமே, "வேண்டாஞ் சாமி. தோடு போட்டா லோன் மாடுன்னு சொல்லிச் சந்தைல வெலையக் கொறைப்பாங்க அம்மணி" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அந்தப் பக்கம் முதலில் தோடு ஏறியதே வங்கிக் கடனில் வாங்கிய மாடுகளுக்கும் காப்பீடு செய்த மாடுகளுக்கும்தான். தோடு இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணம் இல்லை என்று அலைக்கழிந்தவர்களும் ஊரில் இருந்தார்கள். பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தோம். உதவியாளர் தலைக்கயிற்றை இழுத்துப் பிடிக்க, காதை ஸ்பிரிட்டால் துடைத்து, நரம்பு ஓடாத இடமாகப் பார்த்துக் குத்தினோம். மாடு ஒரு முறை தலையை உதறிவிட்டுத் திரும்பவும் தீவனத்தில் வாய் வைத்துவிட்டது.

பிறகு கைபேசி எண் கேட்டோம். ஆத்தாவிடம் போன் இல்லை. மகனுடைய எண்ணைக் கொடுத்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஓடிபி அவர் போனுக்குப் போனது, அவர் ஷிப்டில் இருந்தார். இடைவேளையில் அவர் கூப்பிட்டுச் சொல்லும் வரை காத்திருந்து பதிந்தோம். காத்திருந்ததில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. அந்த மாடுகளைப் பற்றி இனி வரும் செய்தி எதுவானாலும் திருப்பூருக்குத்தான் போகும். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறவருக்கு, பால் கறக்கிறவருக்கு, வாயில் நுரை தள்ளினால் முதலில் பார்க்கிறவருக்கு ஒன்றுமே வராது.

அதனால் விடுபட்ட மாடுகளின் பட்டியலை ஊர்வாரியாக அச்செடுத்துப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தோம். பால் ஊற்ற வரிசையில் நிற்கும் நேரத்தில் ஜனங்கள் அதைப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் படித்துக் காட்டினார்கள். அடுத்த சுற்றில் சிலர் தாங்களாகவே வந்து, "என்ற மாட்டுக்குப் போடலீங்க, எப்ப வர்றீங்க?" என்று கேட்டார்கள். பட்டியலில் இல்லாத மாடுகளும் அப்போது தெரியவந்தன. ஊரில் எத்தனை மாடு என்பது எங்கள் கைபேசியைவிடச் சொசைட்டிச் செயலாளருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது சந்தை. ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை கூடும் மாட்டுச் சந்தைக்குக் கேரளாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மடியைத் தடவுவார்கள், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். காதில் இருக்கும் எண்ணை ஒருவரும் கேட்பதில்லை. கோமாரி பிடித்த மாடு வாயில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே கிருமியை வெளியேற்றத் தொடங்கிவிடும். பார்வைக்கு ஆரோக்கியமான மாடுதான் லாரி ஏறுகிறது. அது எங்கே இறங்கியது என்பது எங்கள் கணக்கில் இல்லை. கணக்கில் அந்த மாடு இன்னமும் பழைய வீட்டுக் கட்டுத்தரையில்தான் நிற்கிறது. உரிமையாளர் மாற்றத்தைப் பதிய மென்பொருளில் வழி உண்டு. ஆனால் விற்றவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, வாங்கியவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சில மாடுகள் வரும்போதே காதில் கிழிந்த தழும்போடு வரும். யாரோ தோட்டை அறுத்துவிட்டிருப்பார்கள். புதிய ஊரில் புதிய தோடு, புதிய எண். அந்த மாடு போட்டுக்கொண்ட தடுப்பூசிகளும் அதன் சினை வரலாறும் பழைய எண்ணோடு போய்விடும்.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். சந்தை வாசலில் தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்கிச் சீட்டு கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டில் தோட்டு எண்ணும் மாடு போகிற ஊரும் ஏறினால் போதும். போகிற ஊரின் கால்நடை மருந்தகத்துக்கு அன்று மாலையே தெரிந்துவிடும். புது மாட்டை இரண்டு வாரமாவது தனியாகக் கட்டச் சொல்ல அங்கே இருப்பவருக்கு அவகாசம் கிடைக்கும்.

மாட்டுக்கு எண் கொடுத்துவிட்டோம். நோய் தங்கும் இடத்துக்கு இன்னும் எண் கொடுக்கவில்லை. இதை எனக்குப் புரியவைத்தது என் முதல் பணியிடம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சின்ன மருந்தகம். பொறுப்பேற்ற அன்று பீரோவிலிருந்து மூத்த கால்நடை ஆய்வாளர் ஒரு பழைய பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், கண்ட ஊர்களின் பதிவேடு அது. எனக்கு முன்பு அங்கே வேலை பார்த்தவர்கள் அவரவர் கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். எந்த வருடம், யாருடைய மாடு அல்லது ஆடு, எந்த ஏரிக்கரை, எந்தப் பனைமரத்துக்கு வடக்கே குழி, எவ்வளவு சுண்ணாம்பு. நில அளவை எண்கூடச் சில இடங்களில் இருந்தது.

அடைப்பான் கிருமி காற்றுப் பட்டால் வித்தாக மாறிவிடும். அந்த வித்து மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால்தான் திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலும் பின்புறத்திலும் உறையாத கருத்த ரத்தம் கசியும் மாட்டை நாங்கள் அறுத்துப் பார்ப்பதில்லை, யாரையும் அறுக்க விடுவதுமில்லை. காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் சொல்வோம். கடும் கோடைக்குப் பின் மழை பெய்யும்போது மண்ணிலிருந்து வித்து மேலே வரும். புல்லை வேரோடு கடிக்கும் ஆடு அதைத் தின்றுவிடும். இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அடைப்பானுக்குத் தடுப்பூசி தயாரிக்கிறது. நோய் கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் அதைப் போடுகிறோம். எந்த ஊரில் என்பதை எங்களுக்குச் சொன்னது அந்தப் பதிவேடுதான்.

இன்று ஒரு மாடு செத்தால் கைபேசியில் அதன் எண்ணை முடித்துவைக்கிறோம். மாட்டின் கதை அதோடு முடிகிறது, மண்ணின் கதை அப்போதுதான் தொடங்குகிறது. வெளி மாவட்டத்திலிருந்து கிடை போட வரும் ஆடுகளின் காதில் நான் பார்த்தவரை தோடு இருந்ததில்லை. கிடைக்காரருக்கு அந்த ஏரிக்கரையின் பழைய கதையும் தெரியாது. தெரிந்த மருத்துவருக்கு மாறுதல் வந்துவிடும்.

அந்தப் பதிவேட்டில் இருந்த இடங்களை நானும் ஆய்வாளரும், முன்பு குழி வெட்டிய ஒரு பெரியவரும் நடந்தே போய்ப் பார்த்தோம். பெரியவர் வேலமரம் ஒன்றின் கீழே நின்று காலால் தரையைத் தட்டி, "இங்கதாம்மா, நாலு பேரு சேந்து இழுத்தாந்து போட்டோம். சுண்ணாம்பு மூட்டைய நான்தான் தலையில தூக்கினு வந்தேன்" என்றார். அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கைபேசியில் குறித்துக்கொண்டோம். இன்னொரு இடத்தில் பனைமரமே இல்லை. அங்கே ஜேசிபி நின்றுகொண்டு வயலுக்கு வண்டல் மண் அள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏரியில் மண் எடுக்க அனுமதி கொடுப்பது வருவாய்த்துறை. புதைத்த இடம் தெரிந்தது எங்கள் பீரோவுக்கு. இரண்டு அலுவலகமும் ஒரே சாலையில்தான் இருந்தன. அன்றைக்கே அந்த இடங்களின் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, அங்கே மட்டும் மண் எடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். அவர் உடனே ஏற்றுக்கொண்டார். அவ்வளவு நாளும் அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தகவல் மேலே போவதற்கு எங்கள் துறையில் வழிகள் ஏராளம். மாத அறிக்கை, வார அறிக்கை, இப்போது அன்றன்றைக்கே. பக்கவாட்டில் போவதற்கு வழி குறைவு. பக்கத்து ஒன்றியத்தில் கோமாரி வந்திருப்பதை நான் பலமுறை பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன். ஒடிசாவில் 2019-இல் முதன்முதலாகத் தென்பட்ட பெரியம்மை, அதாவது தோல் கழலை நோய், தெற்கே வந்தபோது எங்களுக்குள் வேகமாகப் பரவிய தகவல் வாட்ஸாப் படங்கள்தான். உடம்பெல்லாம் முண்டு முண்டாக வீங்கிய மாட்டின் படம் காலையில் ஒரு மாவட்டத்திலிருந்து வரும், மாலைக்குள் எல்லோரும் எந்த மருந்து கேட்டது என்று பேசிக்கொள்வோம். மிகவும் உதவியது. ஆனால் சில மாதம் கழித்து எந்த ஊரில் எப்போது தொடங்கியது என்று தேடினால் வாழ்த்துப் படங்களுக்கு நடுவில் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பெங்களூருவில் நிவேதி என்ற தேசிய நிறுவனம் இருக்கிறது. பழைய நோய்ப் பதிவுகளையும் மழை, வெப்பம் போன்ற விவரங்களையும் சேர்த்து, எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரக்கூடும் என்று இரண்டு மாதம் முன்பே எச்சரிக்கை தருகிறார்கள். அருமையான வேலை. ஆனால் அந்தக் கணக்குக்கு அடிப்படை, களத்திலிருந்து போகும் அறிக்கை. நோயைச் சொன்னால் சந்தையை மூடிவிடுவார்கள், சொசைட்டியில் பால் எடுக்க மாட்டார்கள் என்று விவசாயி மறைக்கிறார். ஏன் தடுப்பூசி போட்டும் வந்தது என்ற கேள்விக்குப் பயந்து நம்மவர்களும் தயங்குகிறார்கள். சொல்லாத ஊர் கணினியில் நோயில்லாத ஊராகத் தெரியும். மாட்டுக்கு இனி வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) இல்லை என்று உலகம் 2011-இல் அறிவித்தது. இந்தியாவில் கடைசியாக அது தென்பட்டது 1995-இல். தடுப்பூசியோடு கூடவே, ஊர் ஊராக நடந்துபோய் "வாயில் புண்ணோடு கழியும் மாடு இருக்கிறதா" என்று கேட்டவர்களால்தான் அதை ஒழிக்க முடிந்தது. நோயைச் சொன்ன விவசாயிக்கு முதலில் மருந்தும் ஆளும் போய்ச் சேரட்டும், கேள்விகளைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இதில் எனக்கு மிகவும் நெருக்கமானது கன்றுவீச்சு நோய். நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரு முறை தடுப்பூசி போடுகிறோம். போடாத மாட்டுக்கு நோய் தொற்றினால் சினையின் பிற்பகுதியில் கன்றை வீசிவிடும். நஞ்சுக்கொடி விழாவிட்டால் வீட்டுக்காரர் வெறுங்கையால் இழுப்பார். அப்படித்தான் இந்த நோய் மனிதருக்கும் தொற்றுகிறது. அப்படி இழுத்த ஒருவர் பிறகு விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியுமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தார். டைபாய்டு, மலேரியா என்று பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. மாட்டுக்குக் கன்றுவீச்சு உறுதியான தாள் என் மேசையில் இருந்தது. மனிதர் நோயைப் பதிவது ஒரு தளத்தில், மாட்டு நோயைப் பதிவது இன்னொன்றில். ஒன்று மற்றொன்றைப் பார்ப்பதில்லை. அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு அந்தத் தாளோடு சுகாதார நிலைய மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை செய்து, சரியான மருந்து தொடங்கி, அவர் தேறினார்.

அதன் பிறகு அந்த மருத்துவருக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு. எந்த வாரத்தில் எந்த ஊரில் கன்று வீசியது, வெறிநாய் கடித்தது, ஆடுகள் திடீரென்று செத்தன என்று ஊர்ப்பெயரை மட்டும் நான் அவருக்கு அனுப்புவேன், வீட்டுக்காரர் பெயர் போகாது. விளங்காத காய்ச்சல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அவர் எனக்கு அனுப்புவார். ஒரு பக்கக் காகிதம்தான். இப்போது அங்கே காய்ச்சலோடு வருகிறவரிடம் செவிலியர், பெயரும் வயதும் கேட்ட கையோடு, "வீட்ல மாடு, ஆடு இருக்கா? சமீபத்துல கன்னு வீசுச்சா?" என்றும் கேட்டு எழுதிக்கொள்கிறார்.