யார் எழுதிக் கொடுப்பார்கள்?

வேளாண் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில், மானியத்தைக் குறைக்க விடாத விவசாயிகளைப் பற்றி வகுப்பில் காட்டமாகவே பேசினேன். ஒரு மாணவி எழுந்தாள்: "சார், விலையைக் குறைச்சா பதிலுக்கு இவ்வளவு தருவோம்னு எங்க அப்பாவுக்கு யார் எழுதிக் கொடுப்பாங்க?" அன்று என்னிடம் பதில் இல்லை.

பொருளாதார அறிஞர்கள் ராக்கேல் ஃபெர்னாண்டஸும் டானி ராட்ரிக்கும் 1991-இல் எழுதிய கட்டுரை பிறகுதான் கைக்கு வந்தது. அதன் கருத்தைக் கரும்பலகையில் இப்படிப் போடுவேன். 100 விவசாயிகள். சீர்திருத்தம் வந்தால் லாபம் என்று 40 பேருக்கு உறுதியாகத் தெரியும். மீதி 60 பேரில் 20 பேருக்கு லாபம், 40 பேருக்கு அதே அளவு நட்டம். யார் எந்தப் பக்கம் என்றுதான் தெரியாது. ஒவ்வொருவருக்கும் நட்டப்படும் வாய்ப்பே அதிகம் என்பதால் 60 பேருமே எதிர்த்து ஓட்டுப் போடுவார்கள், லாபம் பார்த்திருக்கக்கூடிய அந்த 20 பேர் உட்பட. இதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.

அமைப்பின் விதியும் சேர்ந்துகொண்டால் எதுவுமே நகராது. 1966-இல் உறுப்பு நாடுகள் செய்துகொண்ட லக்சம்பர்க் சமரசத்துக்குப் பிறகு, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில், தன் முக்கிய நலன் பாதிக்கப்படுவதாக ஒரு நாடு சொன்னாலே ஓட்டெடுப்பு தள்ளிப்போகும் வழக்கம் அப்போது இருந்தது. 1985-இல் விவசாயிகளுக்கு உறுதியளித்திருந்த தானிய ஆதரவு விலையை வெறும் 1.8 சதவீதம் குறைக்கப் பார்த்தார்கள். மேற்கு ஜெர்மனி தடுத்துவிட்டது. அதே சமூகம் 1992 மே மாதம் தானிய ஆதரவு விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெட்ட ஒப்புக்கொண்டது.

இந்த மாற்றத்துக்குத் தள்ளிய நெருக்கடிகளில் ஒன்று, உருகுவே சுற்று என்ற உலக வர்த்தகப் பேச்சு 1990 டிசம்பரில் வேளாண்மையால் முறிந்தது. ஆனால் நான் வகுப்பில் நின்று பேசுவது அன்றைய ஐரோப்பியச் சமூக வேளாண் ஆணையர் ரே மெக்‌ஷாரியின் திட்டத்தில் இருந்த ஈட்டுத்தொகையைப் பற்றி. அங்கே குளிர்காலக் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைத்து, அடுத்த கோடையில் அறுப்பார்கள். வெட்டிய விலைக்கு ஈடாக ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பணம் நிர்ணயமானதும், தன் பரப்பால் பெருக்கி விதைப்புக்கு முன்பே கணக்குப் பார்க்க முடிந்தது. அந்தப் பணத்தைப் பெற, பெரிய பண்ணைகள் 15 சதவீத நிலத்தைத் தரிசாக விட வேண்டியிருந்தது. வரிப்பணம் நிறையப் போனது உண்மைதான். என் பார்வையில் அது நியாயமான செலவு.

நியூசிலாந்து வேறு கதை. நாடாளுமன்றத்துக்கு ஒரே அவை, அன்றைய ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை, தடுக்க ஆளில்லை. 1984 முதல் மானியங்களை மளமளவென்று எடுத்துவிட்டார்கள். பிற்பாடு அங்கே விவசாயம் தழைத்தது. ஆனாலும் அந்த நாட்களில் கடனும் உயர்ந்த வட்டியும் நெரித்து நிலத்தை இழந்த குடும்பங்களைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை நான் நடத்துவதில்லை.

இப்போதெல்லாம் எந்தச் சீர்திருத்த மசோதா கைக்கு வந்தாலும், ஈட்டுத்தொகைப் பிரிவு இருக்கிறதா, அதைத் திரும்பப் பெறும் அதிகாரம் யாரிடம் என்றுதான் முதலில் தேடுகிறேன்.