உள்ளே ரீடர் இல்லக்கா

"சார், பாத்ரூம் போறப்போ இதக் கழட்டி வச்சிட்டுப் போலாமா?"

யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும் புளூடூத் பேட்ஜைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த அன்று, வரிசையில் நின்ற ஓர் அக்கா கேட்டது. "வேணாங்கக்கா, உள்ளே ரீடர் இல்ல" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்.

நான் சொன்னது பொய்யில்லை. கழிவறைக்குள் கேட்வே, அதாவது பேட்ஜின் சிக்னலைப் பிடிக்கும் ரீடர், மாட்டக் கூடாது என்று பிளான் போடும்போதே அடம்பிடித்தவன் நான். ஆனால் கழிவறை வாசலுக்கு எதிர்த்தூணில் 11-ம் நம்பர் கேட்வே இருந்தது. புளூடூத்துக்கு ஒற்றைச் செங்கல் சுவர் பெரிய தடையில்லை. உள்ளே இருப்பவரின் பேட்ஜையும் அது பிடிக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ரீடர் எங்கே மாட்டியிருக்கிறது என்றா அந்த அக்கா கேட்டார்?

வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. கழற்றி வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது ஹால் கதவு திறக்காது, அதற்கும் அதே பேட்ஜ்தான். அவருக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் நின்றார்கள். இதெல்லாம் உண்மை. ஆனாலும், "வெளியே ஒண்ணு இருக்குக்கா, அதுல தெரியும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இந்த சிஸ்டத்தை நான் வெறுக்கவில்லை. ஒரகடம் பக்கத்தில் வயர்களைக் கோத்துக் கட்டும் ஹார்னஸ் கம்பெனி அது, ஷிப்டுக்கு நானூறு பேர். முன்பெல்லாம் ஃபயர் டிரில்லில் ரெஜிஸ்டரை வைத்துப் பெயர் கூப்பிட்டு முடிக்க 25 நிமிடம் ஆகும். பேட்ஜ் வந்தபின் 4 நிமிடம். நிஜமாகவே தீப்பிடித்தால் உள்ளே மாட்டிக்கொண்டது யார், எந்த மூலையில் என்று தெரியும். அதற்காகத்தான் ராத்திரி பகலாக உட்கார்ந்தேன்.

மூன்று மாதம் கழித்து புரொடக்‌ஷனில் ஏரியா வாரியாக ரிப்போர்ட் கேட்டார்கள். எக்ஸெல்லில் எடுத்துக் கொடுத்தேன். அந்த அக்காவின் பெயருக்கு நேரே 'காரிடார் – 34 நிமிடம்' என்று இருந்தது. 11-ம் கேட்வே இருக்கும் இடம்தான் அது. மேனேஜர் போனில், "ரீடிங் கரெக்ட்தானே?" என்றார். "மூணு நாலு மீட்டர் முன்னப் பின்ன இருக்கும் சார், மத்தபடி கரெக்ட்" என்றேன். மறுவாரமே அவரை லைனிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை.

அதற்குப் பிறகுதான் மூல லாகைத் திறந்தேன். பேட்ஜ் 2 நொடிக்கு ஒருமுறை சிக்னல் அனுப்பும். அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள தண்ணீர் நன்றாகவே உறிஞ்சிவிடும். நெஞ்சில் தொங்கும் பேட்ஜோடு போர்டு மேல் குனிந்து வயர் கோக்கும்போது, பின்பக்கச் சுவரிலிருக்கும் கேட்வேக்கு அது எட்டாமல் போகலாம். எட்டாதபோது கடைசியாகப் பார்த்த இடத்திலேயே ஆளை நிறுத்தி வைக்கச் சொல்லி விதி எழுதியது நான். டிரில் நேரத்தில் ஒருவர்கூடத் திரையிலிருந்து மறைந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதினேன். 10:46-க்கு 11-ம் கேட்வேயில் பளிச்சென்று ஒரு ரீடிங். அதன்பின் 34 நிமிடத்தில் நான்கே நான்கு ரீடிங், எல்லாம் மைனஸ் 90-ஐ ஒட்டி, அதாவது ரொம்பப் பலவீனமான சிக்னல். கழிவறையின் கடைசித் தடுப்பில் இருந்தாலும் அப்படி வரலாம். ஐந்தாவது நிமிடமே போர்டுக்குத் திரும்பியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

திரும்பியிருப்பார் என்றே நம்ப ஆசைப்படுகிறேன். ஏன் ஆசைப்படுகிறேன் என்று யோசித்தால்தான் சங்கடமாக இருக்கிறது. ரீடிங் தப்பு என்றால் அது செட்டிங் பிரச்சினை, சரிசெய்துவிடலாம். ரீடிங் சரி என்றால்? வயிற்று வலியோ, வீட்டிலிருந்து வந்த போனோ, 34 நிமிடம் ஒரு பெண் உள்ளே இருந்ததை எழுதிக் கொடுத்தவன் நான். என்ன ஆச்சு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹெச்.ஆரில் சட்டம் சொன்னார்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 7-வது பிரிவு, வேலை சம்பந்தப்பட்ட தேவைக்குச் சம்மதம் கேட்காமலே ஊழியரின் தகவலைப் பயன்படுத்த இடம் தருகிறதாம். படித்துப் பார்த்தேன், இருக்கிறது. அந்த வரிசையில் நின்று நான் சொன்ன பதிலுக்கு அந்தப் பிரிவில் சமாதானம் எதுவும் கிடைக்கவில்லை.

லைன் ரேக்கில் தண்ணீர் பாட்டில்கள் இப்போது மதியம் வரைக்கும் நிரம்பியே நிற்கின்றன. முன்பும் அப்படித்தானோ என்னவோ, அப்போது நான் கவனித்ததில்லை.

டிரில்லுக்கு ஒரு விதி, ரிப்போர்ட்டுக்கு ஒரு விதி என்று பிரித்து எழுதிவிட்டேன். பழைய ரிப்போர்ட்டை நம்ப முடியாது என்று மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் 11-ம் நம்பர் கேட்வேயைக் கழற்றிப் பத்தடி தள்ளி மாட்டினேன். ஏணியில் நிற்கும்போது அந்த அக்கா கீழே வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"ரிப்பேரா சார்?"

"ஆமாக்கா" என்றேன்.