அம்மாவின் பாசித் தாள்கள்

மண்டபம், ஜனவரி 9, 2025

மழை ஓய்ந்து வாடைக்காற்று காய்ந்து அடிக்கிறது. அம்மாவின் பீரோவைத் திறக்க இதுதான் காலம். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தால் உள்ளே போகும் ஈரம் லேசில் வெளியே வராது.

டிராயிங் டீச்சராக ஓய்வு பெற்ற பிறகுதான் அம்மா கடல்பாசி படிக்க உட்கார்ந்தார். பீரோவில் இருப்பவை அழுத்தி ஒட்டிய பாசித் தாள்கள், நீர்வண்ணப் படங்கள், குறிப்பு நோட்டுகள். சிலர் பாசி வாரியாகப் பிரித்து அடுக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். அவர் வைத்த தேதி வரிசைதான் முக்கியம். கட்டைப் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு தாளின் பின்மூலையிலும் பென்சிலால் எண் போட்டுவிட வேண்டும். பால்பாயின்ட் பேனா கூடாது. மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

ஜனவரி 11

பாசித் தாள்களில் பெரும்பாலானவை இன்னும் கெட்டியாக இருக்கின்றன. அவர் கையாண்ட முறை அப்படி. நோட்டில் உள்ளதைச் சுருக்கித் தருகிறேன்.

பறித்த பாசியைக் கடல்தண்ணீரிலேயே அலசி மணலும் சிப்பித் துகளும் போக்க வேண்டும். தாளில் ஏற்றும் முன் நல்லதண்ணீரில் ஒரே ஒரு முக்கு. உப்பு தங்கினால் ஒவ்வொரு மழைக்கும் தாள் ஈரத்தை இழுக்கும், பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். ஊறவும் விடக் கூடாது. மெல்லிய சிவப்புப் பாசிகளின் செல் வெடித்துச் சாயம் கசியும்.

அகலத் தட்டில் இரண்டு விரற்கடை கடல்தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளைச் சொருகி, ஈரத் தூரிகையால் கிளைகளை விரிக்க வேண்டும். தாளை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் தூக்க வேண்டும். மட்டமாகத் தூக்கினால் நடுவில் தண்ணீர் தேங்கி, விரித்த கிளையெல்லாம் கொத்தாகச் சேர்ந்துவிடும். நீர் வடிந்ததும் மேலே மல் துணி, அதன்மேல் செய்தித்தாள், பலகை, பாரம். துணி இல்லாமல் செய்தித்தாளை வைத்தால் பாசியின் பசை அதில் ஒட்டி, பிரிக்கும்போது பாசியும் கூடவே வந்துவிடும். முதல் நாள் செய்தித்தாளை இரண்டு தடவை மாற்ற வேண்டும். பிறகு காயும்வரை தினம் ஒரு தடவை. துணியை மட்டும் கடைசிவரை எடுக்கக் கூடாது.

மெல்லிய சிவப்புப் பாசிகள் தம் பசையிலேயே பிடித்துக்கொள்ளும். தடித்த பழுப்புப் பாசிகளான கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பிடிக்காது. அவற்றை அம்மா வெள்ளை நூலால் தைத்திருக்கிறார்.

ஜனவரி 16

பூஞ்சை பிடித்தவற்றை ஈரத்துணியால் துடைத்தால் அது தாளுக்குள் இறங்கும். நிழலில் காயவிட்டு, பொடியாக உதிரும் பக்குவத்தில், மூக்கைக் கட்டிக்கொண்டு, வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்ட வேண்டும். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு வசம்பு, துணிப்பையில் போட்டு, தாளில் படாமல்.

சில படங்களை யாரோ நல்லெண்ணத்தில் லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள். இனி அதை உரிக்க முடியாது. சூட்டில் உருகிய பசை தாளோடு சேர்ந்துவிட்டது.

ஜனவரி 20

மரிக்கொழுந்துப் பாசியை வெவ்வேறு காலத்தில் வரைந்த இரண்டு படங்கள் இன்று அடுத்தடுத்துக் கிடைத்தன.

முதல் படம் அழகு. வளைந்த தண்டு, இருபுறமும் குட்டைக் கிளைகள், பின்னால் நீலம். ஆனால் அளவு இல்லை, அடிப்பகுதி நிழலில் கரைந்துபோகிறது. ஏன் என்பது நோட்டில் இருக்கிறது: பாசி எடுக்கும் பெண்கள் மறுபடி துளிர்க்கட்டும் என்று அடியை விட்டுத்தான் பறிப்பார்கள். அவர்கள் சாக்கிலிருந்து எடுத்த பாசியில் அடி எப்படி இருக்கும்?

இரண்டாவது, நுண்ணோக்கி வாங்கிய பிறகு வரைந்தது. பின்னணி இல்லை. கரையொதுங்கிய செத்த பவளத்துண்டில் ஒட்டியிருந்த பாசி, படர்ந்த அடித்தண்டோடு. இடது ஓரத்தில் 1 செ.மீ. கோடு. கீழே ஒரு வட்டத்தில் தண்டின் குறுக்குவெட்டு, அதற்கடியில் பென்சிலில் “இழை இல்லை”. ஜெலிடியம் என்ற பாசிப் பேரினத்தின் உட்செல்களுக்கு நடுவே மெல்லிய இழைகள் ஓடும், அதைப் போலவே தெரியும் ஜெலிடியெல்லாவில் இருக்காது. மரிக்கொழுந்து ஜெலிடியெல்லாவைச் சேர்ந்தது. வெறும் கண்ணுக்கு இது பிடிபடாது. குறுக்குவெட்டு எடுக்க, கேரட்டைப் பிளந்து நடுவே பாசியை வைத்துப் புது பிளேடால் சீவ வேண்டும். சீவல் தடித்தால் இருட்டாகத்தான் தெரியும். பல சீவினால் ஒன்று தேறும். பாசி வாரியாக அடுக்குவதாக இருந்தால் இந்த இரண்டில் ஒன்றை “நல்ல படம்” என்று மேலே வைத்திருப்போம். தேதி வரிசையில் வைத்தால்தான் ஓவியர் எங்கே ஆய்வாளர் ஆனார் என்பது தெரிகிறது.

கூடத்தில் மாட்டியிருந்த படங்களில் சிவப்பு வெளிறிவிட்டது. அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்துக்கு நிற்காது. அதன்மேல் புது வண்ணம் பூசச் சொல்கிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஜனவரி 27

பெயர்ச்சீட்டுகள். மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பாசிகள் பற்றிப் பாசி ஆய்வாளர் எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-இல் எழுதியதிலிருந்து அம்மா தொடங்கியிருக்கிறார். நோட்டில் முதல் நெடுவரிசையில் கரைக்காரர்கள் சொல்லும் பெயர், இரண்டாவதில் அறிவியல் பெயர். கஞ்சிப்பாசிக்கு கிரேசிலாரியா எடுலிஸ் என்று எழுதியிருந்தார்; 2004-இல் அதை ஹைட்ரோபன்ஷியா என்ற வேறு பேரினத்தில் சேர்த்தார்கள். பழைய சீட்டை அவர் கிழிக்கவில்லை. கீழே புதுச் சீட்டு ஒட்டித் தேதி போட்டிருக்கிறார். அதுதான் முறை.

இடமும் தேதியும் தெரியாத தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. ஆழம், எதன்மேல் வளர்ந்தது என்பதும் இருந்தால் கிழிந்த தாளுக்கும் மதிப்புண்டு.

பிப்ரவரி 2

நீர்வண்ணப் படங்களை 600 டிபிஐயில், டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்யலாம். பாசித் தாள்களை ஸ்கேனரில் கவிழ்க்கவே கூடாது, காய்ந்த கிளை முறியும். மேலிருந்து கேமராவில் எடுக்க வேண்டும். இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு, ஓரத்தில் அளவுகோல். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். 1964-இல் தனுஷ்கோடியை இழந்த கரை இது.

தாவரச் சேகரத்துக்குக் கொடுக்கும்போது தாள்களையும் நோட்டுகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தாளில் பெயரும் எண்ணும்தான் இருக்கின்றன. எந்தத் தீவு, எந்த நாள், பக்கத்தில் என்ன வளர்ந்தது என்பதெல்லாம் நோட்டில். நோட்டைத் தனியாகக் கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள்.